கிணத்துத் தண்ணியும் என்ட தொட்டிப் பாசியும்

போன வருசம் ஆவணி மாசம், கச்சான் காத்து நெருப்பு மாதிரி அடிச்சுக்கொண்டிருந்த ஒரு பின்னேரம், மனிசி தேத்தண்ணிக் கோப்பையோட தொட்டிக்கு முன்னால வந்து நிண்டு கொஞ்ச நேரம் பாத்துட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டா. "இதுக்குள்ள இப்பவும் மீன் இருக்கா?"

இருந்திச்சு. ரெண்டு கிளவுன் மீன், ஒரு இறால், கொஞ்ச நத்தை. ஆனா அவா கேட்டதில பிழையில்ல, கண்ணாடி, கல்லு, பம்ப், ஹீட்டர் வயர் (எங்கட ஊருக்கு எதுக்கு ஹீட்டர் எண்டு கேக்காதீங்க, செட்டா வித்தாங்கள், வாங்கிட்டன்) எல்லாத்திலயும் ரெண்டு இஞ்சி நீளத்துக்குப் பச்சை மயிர் முளைச்சு, கோயில் கேணிப் படிக்கட்டு மாதிரி ஆடிக்கொண்டிருந்திச்சு.

நான் இருக்கிறது திருகோணமலையில நிலாவெளிப் பக்கம். கடல் வீட்டில இருந்து நடந்தா அஞ்சு நிமிசம். "கடலை வாசல்ல வச்சுக்கொண்டு வீட்டுக்குள்ள உப்புத்தண்ணித் தொட்டி எதுக்கடா" எண்டு கேக்காத ஆள் இல்ல, அதுக்கு இன்னும் என்னட்ட பதில் இல்ல. தொட்டி 3 அடி நீளம், அகலமும் உயரமும் ஒண்டரை அடி, கணக்குப் பாத்தா 190 லீட்டர், கல்லு மண் போக ஒரு 160 லீட்டர் தண்ணி நிக்கும். பவளம் எண்டு சொன்னா மஷ்ரூம், சோவா, ஒரு தோல் பவளம், அவ்வளவுதான், எல்லாம் கொழும்பில ஒரு தம்பி தன்ட தொட்டில வளத்து வெட்டித் தந்தது. கடல்ல இருந்து பவளம் பிடுங்கிறது இங்க சட்டப்படி குற்றம், சட்டம் இல்லாட்டியும் செய்யிற வேலையில்ல, புறாமலை எண்ட பவளப்பாறைத் தீவுக்குப் பக்கத்தில இருந்துகொண்டு அதைச் செஞ்சா நான் மனுசனே இல்ல.

தொட்டி புதுசா இருக்கேக்க வாற மண்ணிற தூசி மாதிரிப் படலம் இருக்கெல்லா, டையட்டம், அதைப் பத்தி நான் ஒண்டும் சொல்லப்போறதில்ல. புதுத் தொட்டில இருக்கிற சிலிக்காவைத் திண்டு முடிச்சுட்டு தானாப் போயிடும். துடைச்சுட்டு சும்மா இருங்க. எனக்கும் மூணு கிழமையில போயிட்டு. போன உடனே நான் கெட்டிக்காரன் எண்டு நினைச்சுட்டன், அங்கதான் பிழைச்சது.

பச்சைமயிர்ப் பாசி வந்தப்ப முதல்ல லைட்டைக் குறை சொன்னன். எட்டு மணித்தியாலத்தை ஆறாக்கினன். பாசி கொஞ்சம் வெளிறிச்சு, பவளமும் சேர்ந்து வெளிறிச்சு. பிறகு பழைய டூத் பிரஷ் எடுத்து கல்லுக் கல்லா உரஞ்சினன், உரஞ்சின பாசி தண்ணி முழுக்கப் பறந்து போய் இல்லாத இடத்திலயும் ஒட்டிக்கிச்சு. (உரஞ்சிறதெண்டா மற்றக் கையில ஓஸ் பைப் பிடிச்சு உறிஞ்சிக்கொண்டே உரஞ்ச வேணும், இல்லாட்டி கல்லை வாளிக்குள்ள எடுத்து வச்சு உரஞ்ச வேணும், இது எனக்கு ரெண்டு மாசத்துக்குப் பிறகுதான் விளங்கிச்சு. சோவா ஒட்டியிருக்கிற கல்லெண்டா வெறுங்கையால தொடாதீங்க, அதைச் சுடுதண்ணில போட்டு அவிச்சுக் கழுவுற எண்ணமே வேண்டாம், அந்த ஆவி நெஞ்சுக்குள்ள போனா ஆஸ்பத்திரிதான். சோவால பாலிடொக்சின் எண்டு பொல்லாத நஞ்சு இருக்கு.) போத்தல்ல வாற பாசி மருந்தும் ஒண்டு ஊத்திப் பாத்தன், பாசி செத்துது, செத்தது எங்க போச்சு, அதே தண்ணிக்குள்ளதான் கரைஞ்சுது, மூண்டாம் கிழமை முந்தினதை விட வடிவா முளைச்சு வந்திச்சு.

கடைசில பிழையைக் கண்டுபிடிச்சது நானில்ல, மாமா. மனிசின்ட அப்பா. வாலிபத்தில கடலுக்குப் போன ஆள், இப்ப சாய்மனைக் கதிரையில இருந்து என்ட தொட்டியைப் பாத்துச் சிரிக்கிறதுதான் வேலை. ஒரு நாள் நான் வாளியோட கிணத்தடில இருந்து வரேக்க கேட்டார், "தம்பி, நாளுக்கு நாள் தண்ணி ஊத்துறீரே, அந்த ஊத்திற தண்ணி எங்க போகுது?"

"ஆவியாகுது மாமா, ஃபேன் போட்டிருக்கெல்லா."

"தண்ணி போகுது சரி. தண்ணிக்குள்ள இருக்கிறது?"

சும்மா கேட்டாரா விளங்கித்தான் கேட்டாரா எண்டு இண்டைக்கும் தெரியாது. எனக்கு கை காலெல்லாம் குளிர்ந்திட்டுது.

விசயம் என்னெண்டா, கச்சான் நாளையில தொட்டித் தண்ணி 31 பாகைக்கு ஏறிடும், பவளத்துக்கு அது சூடு கூட. தண்ணியைக் குளிராக்கிற சில்லர் மெசின் வாங்கிற காசில ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வாங்கலாம், அதால நான் ரெண்டு சின்ன ஃபேனைத் தண்ணிக்கு மேல பூட்டி வச்சிருந்தன், ஆவியாகேக்க சூடு இறங்கி 28ல நிக்கும், நல்ல வேலைதான். ஆனா அந்தக் காஞ்ச காத்தில ஒரு நாளைக்கு 4 லீட்டர் தண்ணி பறந்திடும். உப்பு பறக்காது, தண்ணி மட்டுந்தான் பறக்கும், அதால உப்பில்லாத தண்ணி ஊத்தி மட்டத்தை நிரப்ப வேணும், நான் கிணத்துத் தண்ணியை ஊத்தினன். குடிக்க நல்லா இனிக்கிற கிணறு. ஆனா எங்கட மண் கடற்கரை மணல், பக்கத்து வளவுகள்ல வெங்காயம், வெங்காயத்துக்கு யூரியா, இந்தப் பக்கம் மலசலகூடக் குழி, மணலுக்குள்ளால எல்லாம் இறங்கி கிணத்துக்குத்தான் வரும். தொட்டித் தண்ணிக்கு நூறு தரம் பாவிச்ச நைட்ரேட் டெஸ்ட் கிட்டை அண்டைக்குத்தான் முதல் தரமா கிணத்துத் தண்ணிக்குப் போட்டுப் பாத்தன். கலர் கடும் சிவப்பு. கிட்டத்தட்ட 40 பிபிஎம்.

இப்ப கணக்கைப் பாருங்க. ஒரு லீட்டருக்கு 40 மில்லிகிராம், 4 லீட்டருக்கு 160 மில்லிகிராம், அதை 160 லீட்டர் தொட்டிக்குள்ள ஊத்தினா ஒரு நாளைக்கு சரியா 1 பிபிஎம் ஏறுது. மாசத்துக்கு 30. நான் கிழமைக்குக் கிழமை பத்து வீதம் தண்ணி மாத்துறன் எண்டு பெருமை பேசிக்கொண்டு மற்றக் கையால ஒவ்வொரு நாளும் வெங்காயத் தோட்டத்துக்குப் பசளை போட்ட மாதிரி பாசிக்குப் போட்டிருக்கிறன்.

அதுக்குப் பிறகு தண்ணி வடிகட்டிற ஒரு சின்ன ஆர்.ஓ. செட் வாங்கி, கடைசில மிச்சத்தைப் பிடிக்கிற டி.ஐ. ரெசினும் பூட்டி, கரைஞ்சிருக்கிறதை அளக்கிற டி.டி.எஸ். மீட்டர்ல பூச்சியம் காட்டுற தண்ணியை மட்டுந்தான் ஊத்துறன். ஒரு லீட்டர் நல்ல தண்ணிக்கு மூண்டு நாலு லீட்டர் வெளில போகும், அதை ஓஸ் பைப்பால தென்னைக்கு விட்டிருக்கு, தென்னை கோவிக்கேல்ல. டவுன்ல பைப் தண்ணி எடுக்கிற ஆக்கள், அது கந்தளாய்க் குளத்துத் தண்ணி, சுத்திகரிச்சுத்தான் வருது எண்டு நினைச்சு நேர ஊத்தாதீங்க, குளோரின் இருக்கும், குடிக்கிற தண்ணின்ட கணக்கு வேற, பவளத்தின்ட கணக்கு வேற.

மற்றப் பிழை சாப்பாடு. கடைச் சாப்பாடு எதுக்கு, சந்தைல புது நெத்தலியும் இறாலும் கிடைக்குதே எண்டு அரிஞ்சு அப்பிடியே போட்டன், அந்த ரத்தத் தண்ணியோட. அந்தத் தண்ணில பொஸ்பேட் குவிஞ்சு கிடக்கும், அதுவும் பாசிக்குப் பசளைதான். இப்ப அரிஞ்சு வடில கழுவித்தான் போடுறது. மாமாவும் களவா ஒரு பிடி போடுறவர், பிடிபட்டா "பாவம், பசியோட என்னைப் பாக்குது" எண்டுவார், அதுக்கு நான் என்ன செய்யிறது. கிளவுன் மீன் எப்பவும் பசியோடதான் பாக்கும்.

இங்க ஒரு விசயம், இதில கன பேர் ஏமாறுறது. தொட்டி முழுக்கப் பாசி, ஆனா பொஸ்பேட் டெஸ்ட் பண்ணினா பூச்சியம் காட்டும். உடனே "என்ட தண்ணி சுத்தம், இது வேற ஏதோ வருத்தம்" எண்டு நினைக்கிறது. தண்ணில இல்ல, ஏனெண்டா வாறது வர வர பாசி தன்ட வயித்துக்குள்ள எடுத்திடுது. சாப்பாட்டு மேசை வெறுமையா இருந்தா சமைக்கேல்ல எண்டு அர்த்தமில்ல, திண்டு முடிச்சுட்டாங்கள் எண்டும் இருக்கலாம். அதோட கல்லும் பஞ்சு மாதிரி பொஸ்பேட்டை உறிஞ்சி வச்சிருக்கும், தண்ணி சுத்தமாகச் சுத்தமாகக் கொஞ்சம் கொஞ்சமா வெளில விடும். அதால கிணத்துத் தண்ணியை நிப்பாட்டின பிறகும் மூண்டு மாசம் பாசி போகவேயில்ல.

இன்னும் கொஞ்ச நாள் பொறுத்திருந்தா கதை அதோட முடிஞ்சிருக்கும். எனக்கு எங்க பொறுமை. இரும்பு ஒக்சைட் மணி, ஜி.எஃப்.ஓ. எண்டுவாங்கள், பொஸ்பேட்டை இழுக்கிறது, சொன்ன அளவுக்கு ரெண்டு மடங்கு போட்டன். அதோட வினாகிரியும் ஊத்தத் தொடங்கினன். சிரிக்காதீங்க, குசினில இருக்கிற அதே வினாகிரிதான், அது பக்டீரியாவுக்குச் சாப்பாடு, பக்டீரியா பெருகேக்க நைட்ரேட்டையும் பொஸ்பேட்டையும் எடுக்கும், ஸ்கிம்மர் அந்த பக்டீரியாவை நுரையோட வெளில தள்ளும். அளவா ஊத்தினா நல்ல முறை. நான் அளவா ஊத்தேல்ல. ரெண்டு கிழமையில நைட்ரேட் 0, பொஸ்பேட் 0, பச்சை மயிர் எல்லாம் வெள்ளையாகி உதிர்ந்து போச்சு, நான் போட்டோ எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பினன்.

பத்து நாள் போகேல்ல. மணல்ல ஒரு மண்ணிறச் சளி. காலம்பற பாத்தா ஒண்டும் இல்லாத மாதிரி இருக்கும், பின்னேரம் ஆகேக்க கல்லில இருந்து மூக்குச்சளி மாதிரி நூல் நூலாத் தொங்கும், நுனில காத்துக் குமிழ். நத்தையள் ஒண்டொண்டா மல்லாந்து செத்துது. திரும்ப டையட்டம் வந்திட்டு எண்டு நினைச்சு ஒரு கிழமையை வீணாக்கினன். பிறகு அந்தக் கொழும்புத் தம்பி ஃபோன்ல ஒரு சோதனை சொன்னார், அந்தச் சளியைக் கொஞ்சம் உறிஞ்சி எடுத்து தொட்டித் தண்ணியோட போத்தல்ல போட்டு நல்லாக் குலுக்கி, வடிகட்டி, தெளிஞ்ச தண்ணியை ஒரு மணித்தியாலம் லைட்டுக்குக் கீழ வைக்கச் சொல்லி. வச்சன். வடிச்ச தண்ணிக்குள்ள திரும்ப நூல் நூலாச் சேந்து நிண்டிச்சு. அப்பிடிச் சேந்தா டைனோ. டைனோஃபிளஜலேட். சயன்ஸ் படிப்பிக்கிற ஒரு கூட்டாளியின்ட மைக்ரோஸ்கோப்பில வச்சுப் பாத்தம், ஒரு பக்கம் கூரான நீர்த்துளி மாதிரி உருவம், கூர்முனையில கட்டிப்போட்ட மாதிரி சுத்திச் சுத்தி வந்திச்சு. ஒஸ்ட்ரியொப்சிஸ் எண்ட வகை. நஞ்சுக்காரன், நத்தை செத்ததும் அதாலதான்.

இதில பகிடி என்னெண்டா, பவளத்தின்ட உடம்புக்குள்ள இருந்து வெளிச்சத்தில சமைச்சுச் சாப்பாடு குடுக்கிற அந்தச் சின்னப் பாசியும் டைனோஃபிளஜலேட்தான். ஒரே குடும்பத்தில ஒருத்தன் சோறு போடுறான், மற்றவன் நஞ்சு வைக்கிறான்.

டைனோவை சுத்தத்தால வெல்லேலாது, அது சுத்தத்தாலதான் வந்தது. நைட்ரேட்டும் பொஸ்பேட்டும் பூச்சியமாகேக்க அதோட போட்டி போடுற மற்றப் பாசி, பக்டீரியா எல்லாம் பட்டினியில போயிடும், வெறும் வளவுல இது வந்து குடியேறும். அதால தலைகீழா செய்ய வேண்டியிருந்திச்சு. ஜி.எஃப்.ஓ.வைக் கழட்டினன், வினாகிரியைக் குசினிக்கே அனுப்பினன், ஸ்கிம்மரைப் பாதி நேரம் நிப்பாட்டினன், மீனுக்கு ரெண்டு மடங்கு சாப்பாடு. மாமாவிட்ட "இப்ப நீங்க எவ்வளவு வேணுமெண்டாலும் போடலாம்" எண்டு சொன்ன அண்டைக்கு அவற்ற முகத்தைப் பாத்திருக்க வேணும். ஒஸ்ட்ரியொப்சிஸ் இரவில கல்லை விட்டுத் தண்ணிக்குள்ள மிதக்கிற சாதி, அதால ஒரு யூ.வி. (புற ஊதா) லைட் குழாய் கடன் வாங்கிப் பூட்டி தண்ணியை அதுக்குள்ளால ஓடவிட்டன், மூண்டு நாள் தொட்டியை பெட்ஷீட்டால மூடி இருட்டாக்கினன். மணலோட ஒட்டியே இருக்கிற வேற வகை டைனோ இருக்கு, அதுக்கு யூ.வி. சரிவராது, அதாலதான் மைக்ரோஸ்கோப்பில பாக்கச் சொல்றது. ஆறு கிழமை எடுத்திச்சு. நைட்ரேட் 5, பொஸ்பேட் 0.08ல வந்து நிண்டப்ப சளி இல்ல.

பொஸ்பேட் அளக்க ஹானா செக்கர் எண்ட சின்ன மீட்டர் பாவிக்கிற ஆக்களுக்கு ஒரு சின்ன விசயம், சில மொடல் பொஸ்பரசை பிபிபில (பிபிஎம்மில ஆயிரத்தில ஒரு பங்கு) காட்டும், அதை 3.066ஆல பெருக்கி ஆயிரத்தால பிரிச்சாத்தான் பொஸ்பேட் பிபிஎம் வரும். நான் முதல் ரெண்டு மாசம் பெருக்காமப் பாத்து சந்தோசப்பட்ட ஆள்.

டைனோ போன கையோட பச்சை மயிர் திரும்ப எட்டிப் பாத்திச்சு. அப்ப எனக்கு அலுத்துப்போய், ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளையளையும் ஏத்திக்கொண்டு நிலாவெளிக் கரையில போட் எடுத்து புறாமலைக்குப் போனன். கரையில இருந்து ஒரு கிலோமீட்டர்தான், 2003ல தேசியப் பூங்காவாக்கின இடம். எத்தனையோ தரம் போன இடம், அண்டைக்குத்தான் தலையைத் தண்ணிக்குள்ள வச்சுக்கொண்டு மீனைப் பாக்காம பாசியைத் தேடினன்.

பாசி இல்லை எண்டு நினைக்காதீங்க. இருக்கு, எல்லாக் கல்லிலயும் இருக்கு, ஆனா வெட்டின புல்லு மாதிரி மில்லிமீட்டர் கணக்கில. ஏனெண்டா ஒரு நிமிசம் அதைச் சும்மா விடுறாங்கள் இல்ல. கிளிமீன் வந்து கல்லைக் கரகரவெண்டு சுரண்டுது, காதில கேக்கும், சுரண்டின கல்லை மணலாக் கழிச்சுட்டுப் போகுது. நீலச் சேர்ஜன் மீன் கூட்டமா வந்து ஒரு பாறையை மேய்ஞ்சுட்டு அடுத்த பாறைக்குப் போகுது. ஓரா ரெண்டு ரெண்டா. பொந்துக்குள்ள நீள முள்ளுக்காரர், கறுப்புக் கடல் முள்ளெலி, ராவில வெளிக்கிட்டு மேயக் காத்திருக்கினம். வீட்டுக்கு வந்து மாமாட்ட சொன்னா, "ஓராவுக்குத் தூண்டில்ல பாசிதானே குத்துறது, இது தெரியாதா" எண்டார். முப்பத்தெட்டு வருசம் நான் ஓராவைக் குழம்பிலதான் பாத்திருக்கிறன்.

இதே விசயம் பெரிசா நடந்த இடமும் இருக்கு. 1983ல கரீபியன் கடல்ல ஒரு நோய் வந்து அந்த நீள முள்ளு முள்ளெலி கிட்டத்தட்ட அழிஞ்சே போச்சு. ஜமேக்கால பாசி தின்ற மீனை ஏற்கனவே கணக்கில்லாமப் பிடிச்சு முடிச்சிருந்தாங்கள், 1980ல ஒரு பெரிய புயலும் பவளத்தை உடைச்சுப் போட்டிருந்திச்சு, கடைசியா மேஞ்சுகொண்டிருந்தது முள்ளெலிதான். அதுவும் போக, 70களின்ட கடைசில பாதிக்கு மேல பவளமா இருந்த பாறை, 90களின்ட தொடக்கத்தில 5 வீதத்துக்கும் கீழ வந்து, மற்ற இடமெல்லாம் பாசி. என்ட தொட்டில நான் டெஸ்ட் கிட்டுக்கும் போத்தலுக்கும் செலவழிச்ச காசில கால்வாசி கூட பாசி தின்னிற வாய்க்குச் செலவழிக்கேல்ல. 160 லீட்டருக்கு மூண்டு நத்தை, அதுவும் டைனோவில செத்துப்போச்சு.

அதுக்காக ஓராவையும் சேர்ஜன் மீனையும் கொண்டுவந்து 3 அடித் தொட்டில அடைக்கேலாது, அதுகள் நீந்த இடம் வேணும், பாவம். கொழும்புக்கு அலங்கார மீன் அனுப்புற ஒரு டைவர் அண்ணையிட்ட சொல்லி வச்சு பாசி மேயிற பிளென்னி மீன் ஒண்டு எடுத்தன். பாக்க அழகில்ல, கண் ரெண்டும் பிதுங்கி, கடன் குடுத்தவர் கேட்டுக்கு வந்து நிண்ட மாதிரி முழிக்கும். ஆனா விடிஞ்சா பொழுதுபடும் வரைக்கும் கல்லில கொத்து விழுந்தபடிதான். அதோட ட்ரோக்கஸ் நத்தை பன்ரெண்டு. டர்போ நத்தை கூடத் தின்னும், ஆனா விழுந்து மல்லாந்தா நிமிரத் தெரியாது, ட்ரோக்கஸ் தானே புரண்டு எழும்பும். ஒரு விசயம், நீளமா வளந்த பாசியை இதுகள் தொடாது. முதல்ல நீங்க கையால பிடுங்கிக் கட்டையாக்கிக் குடுக்க வேணும், மிச்சத்தை அதுகள் பாக்கும். நாலு ஞாயிற்றுக்கிழமை பிடுங்கினன், உறிஞ்சினன். அஞ்சாம் கிழமை பிடுங்க ஒண்டும் இருக்கேல்ல.

பின்னால ஒரு பிளாஸ்டிக் பெட்டில கீட்டோ பாசியும் வச்சிருக்கு, சிக்குப்பட்ட நைலோன் நூல் மாதிரி இருக்கும், தொட்டி லைட் நிக்கிற ராவில அதுக்கு லைட் எரியும். நல்ல பாசியை வளத்து பொல்லாத பாசின்ட சோத்தைப் பறிக்கிற வேலை. மாசம் ஒருக்கா ஒரு பிடி வெட்டி எறியிறன்.

சிவப்புச் சளி வந்தா அது பாசியே இல்ல, சயனோபக்டீரியா, தண்ணி ஓட்டம் குறைஞ்ச மூலையைப் பாருங்க, அநேகமா அங்கதான் தொடங்கும். இறகு மாதிரி கிளை விட்ட பச்சைப் பாசி எண்டா பிரயொப்சிஸ், அதை அநேகமா ஒண்டும் தின்னாது, அதுக்கு ஆக்கள் மனுசருக்குக் குடுக்கிற ஃபுளூகோனசோல் குளிசையைக் கரைச்சு ஊத்துறாங்கள், வேலை செய்யுது எண்டுதான் எல்லாரும் சொல்லினம். எனக்கு வந்தது அது இல்லாததால, பவளத்துக்கு பங்கஸ் குளிசை வேணும் எண்டு ஃபார்மசில போய் நிக்கிற வெக்கம் மிச்சம்.

இப்ப எப்பிடி இருக்கு எண்டா, பின் கண்ணாடில பம்புக்குப் பின்னால உள்ளங்கை அளவுக்குப் பச்சை இருக்கு. விட்டுட்டன், பிளென்னியும் பிழைக்க வேணுமெல்லா. மனிசி இப்ப மீன் இருக்கா எண்டு கேக்கிறதில்ல, பிளென்னிக்குப் பேர் வச்சிருக்கிறா, அது அவான்ட சொந்தக்காரர் ஒருத்தற்ற பேர் எண்டதால இங்க எழுத மாட்டன்.

தண்ணி மாத்த நான் இன்னும் கடல் தண்ணிதான் பாவிக்கிறன், ஆனா மாரி தொடங்கி வாய்க்காலெல்லாம் கடலுக்கு உடைச்சு ஓடத் தொடங்கினா கரைத் தண்ணியை ரெண்டு மாசம் தொடேலாது, உப்பும் குறையும், ஊர் அழுக்கும் வெங்காயப் பசளையும் அதோடதான் வரும். அதால மழைக்கு முதல் எடுத்து இருட்டில மூடி வைக்கிறது. இண்டைக்குப் பின்னேரம் வாடை திரும்பின மாதிரி இருக்கு, வடக்கால இருட்டிக்கொண்டு வருது. எட்டு கான்ல ரெண்டுதான் நிரம்பியிருக்கு, நாளைக்கு வெள்ளாப்பில போட் எடுத்துத் தர ஆள் பிடிக்க வேணும். மாமா தானும் வாறாராம்.